மேட்டு இடம்

"வண்டிக்குள்ள சூடு வரலைன்னா, முதல்ல..." என்று மாமனார் ஏதோ சொல்வார். 'முதல்ல' வரைதான் புதுத் தாத்தாவுக்கு ஞாபகம் இருந்தது. மிச்சத்தை, மாப்பிள்ளை என்ற கெத்தில், அப்போது காதில் வாங்கவில்லை.

இப்போது ஹீட்டரைத் திருகினால், ஃபிரிட்ஜைத் திறந்த மாதிரி காற்று அடித்தது.

நாளைக் காலை மகளையும் பிறந்த பேத்தியையும் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வரவேண்டும். வெளியே மூச்சு விட்டால் புகை வருகிற குளிர்.

"டாக்ஸி சொல்லிடலாமே" என்றாள் மனைவி, வாசற்படியில் கம்பளிக்குள்ளிருந்து.

"என் பேத்திக்கு முதல் சவாரியே வாடகை வண்டியிலயா? என் வண்டியிலதான் வருவா."

"வருவா. வெறச்சுப் போய் வருவா."

கூலண்ட் ஊற்றியாயிற்று. ஃபியூஸ் மாற்றியாயிற்று. எஞ்சின் சூடாகிறது. உள்ளே மட்டும் பனிக்காற்று. டேஷ்போர்டுக்குப் பின்னால் களகளவென்று தண்ணீர்ச் சத்தம் வேறு.

"இந்தச் சத்தத்தைத்தான் அப்பா சொல்வாரு" மனைவி நிமிர்ந்தாள். "குழாய்ல காத்து மாட்டியிருக்கும். வண்டியோட மூக்கு மேல இருக்கிற மாதிரி நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்துட்டு எஞ்சினை ஓட விடணுமாம். காத்து தானா ஏறி வந்துடுமாம்."

"இதை நேத்தே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேட்டீங்களா?"

மூக்கைத் தூக்க மேடு வேண்டும். தெருவில் இருப்பதோ ஒரே ஒரு மேடு, ஒரு வண்டி நிற்கிற அளவுக்கு. அதில் எதிர்வீட்டுக்காரரின் பழைய வண்டி நின்றது. தெருவே காலியாகக் கிடந்தாலும் அவர் அங்கேதான் கொண்டுபோய்ச் சொருகுவார். அதை வைத்து ஒருமுறை வாய்ச்சண்டை முற்றி, பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்தது.

"போய் ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"அவன்கிட்டயா? தெருவையே விலைக்கு வாங்கின மாதிரி நிறுத்தி வச்சிருக்கான். அவன் வாசல்ல போய் நிக்கறதுக்கு, நானே என் வண்டிக்குத் தோள் குடுத்துத் தூக்கிப் பிடிச்சுக்கறேன்."

எதிர்வீட்டு ஜன்னலுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்.

காலையில் பார்த்தால், மேடு காலி.

"பாத்தியா? எங்கயோ தொலைஞ்சான். என் பேத்தி வீட்டுக்கு வரதுக்குள்ளயே அவ ராசி வேலை செய்யுது."

மேட்டில் ஏற்றினார். மூடியைத் திறந்து எஞ்சினை ஓட விட்டார். குமிழ் குமிழாகக் காற்று வந்தது. கூலண்ட் மளமளவென்று இறங்கியது. நிரப்பினார். களகள சத்தம் அடங்கியது. உள்ளே உட்கார்ந்து ஹீட்டரைத் திருகினார். முகத்தில் வெதுவெதுவென்று அடித்தது.

"கையை வச்சுப் பாரு" என்றார், ஹீட்டரைக் கண்டுபிடித்ததே தான்தான் என்பதுபோல.

கிளம்பினார்கள். மேட்டுக்குக் கீழே வளைவைத் தாண்டினால், சமதரையில் எதிர்வீட்டுக்காரர், தேய்த்த சட்டையோடு தன் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கில் அவர் மனைவி.

"காலங்காத்தால என்ன கூத்து இது?"

"அந்த வண்டியில செல்ஃப் ஸ்டார்ட் போய் ரொம்ப நாளாச்சாம்" என்றாள் மனைவி. "மேட்டுலேர்ந்து உருட்டிவிட்டுத்தான் தினமும் ஸ்டார்ட் பண்ணுவாராம். தெரிஞ்சா நீங்க சிரிப்பீங்கன்னு வெளிய சொல்லலையாம்."

"உனக்கு யார் சொன்னா?"

"அந்தம்மாதான். நீங்க மூடியைத் திறந்துட்டு நின்னப்ப வந்து சொன்னாங்க. நேத்து பேத்தி, ஹீட்டர்னு நீங்க கத்தினது எல்லாமே அவர் காதுல விழுந்திருக்கு. பச்சக் குழந்தை குளிர்ல வரக்கூடாதுன்னு, நேத்து ராத்திரியே வண்டியை உருட்டிக் கீழ விட்டுட்டாராம். அப்பவே நான் சொல்லியிருந்தா, ரோஷப்பட்டு மேட்டை விட்டு இறங்கியிருப்பீங்க."

புதுத் தாத்தா வண்டியை ஓரங்கட்டினார். இறங்கிப் போனார்.

"நீங்க ஸ்டியரிங்ல உக்காருங்க சார்."

தோள் கொடுத்துத் தள்ளினார். பழைய வண்டி ரெண்டு தடவை இருமிவிட்டுக் கிளம்பியது. எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"ஹீட்டர் வருதா?"

"வருது சார்."

பேத்தியைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டபோது மேடு காலியாகத்தான் இருந்தது. புதுத் தாத்தா அதைத் தாண்டிப் போய், சமதரையில் தன் வண்டியை நிறுத்தினார்.