மூடாத குப்பி

பனிக்கடலின் விளிம்பில் ஆய்வுக்கப்பல் நின்றிருந்தது. உருகும் பனிக்கடியில் வளரும் நுண்பாசிகளால் கடல்நீரில் ஒரு வாயு சேர்கிறது. அது காற்றில் ஏறி மேகத்துக்கு வித்தாகிறது. எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கத்தான் ஷாஜிதா வந்திருந்தாள். நீரைக் குமிழியில்லாமல் குப்பியில் நிரப்பி, காற்றுப் படுமுன் மூடிவிட வேண்டும்.

அன்று நீர் பாசியால் பழுப்பேறியிருந்தது. கையுறை வழுக்கி மூடி தளத்தில் உருண்டது. எடுக்கக் குனிந்தவள் குப்பிக்கு மேலே அப்படியே நின்றுவிட்டாள்.

"மூடும்மா! அவ்வளவும் காத்துல போயிரும்," என்று கத்தினார் உடன் ஆய்வு செய்யும் அந்தோணிராஜ்.

"அண்ணே, நாறுது."

"கடல்னா நாறாதா?"

"எனக்கு நாறுதுண்ணே!"

அவர் கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். மூன்று வருடத்துக்கு முன் வந்த காய்ச்சலில் அவளுக்கு வாசனையே போய்விட்டிருந்தது. பிறந்த மகளை முகர்ந்து பார்த்தும் ஒன்றும் தெரியாமல் அழுததைப் பயணத்தின் தொடக்கத்தில் அவரிடம் சொல்லியிருந்தாள்.

"என்ன மாதிரி நாறுது?"

"அழுகின பாசி... வெந்த முட்டைக்கோசு." அவள் சிரித்தாள். மூக்கு நுனியில் கண்ணீர் சில்லிட்டது.

"அது நம்ம அளக்குற வாயுதாம்மா. அந்தக் குப்பி இனி அளக்க ஆகாது. நீயே வச்சுக்கோ," என்று சொல்லிவிட்டு அவர் புதிதாக நீர் மொள்ளப் போனார். ஷாஜிதா கண்ணை மூடிக்கொண்டு, அந்த நாற்றம் முழுவதும் காற்றோடு போய்த் தீரும்வரை முகர்ந்துகொண்டே இருந்தாள்.