பல்லாவரத்துக் கொசு

மடிப்பாக்கத்து அந்த அடுக்ககத்தில் கோடை விடுமுறைக்கு வெளிநாடு போகாத குடும்பமே கிடையாது. நிமலனும் யாழினியும் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, பாலித் தீவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் பல்லாவரத்தில் அவள் அண்ணன் வீட்டு மாடியில் பத்து நாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று, கடைசி நாலு நாள் காய்ச்சலை நிமலன் மாத்திரையிலேயே ஓட்டினான்.

திரும்பிய அன்று உடம்பு அனலாய்க் கொதித்தது. இருந்தும் பாலியில் வாங்கியதாகக் காட்ட, முன்கூட்டியே பாண்டி பஜாரில் வாங்கிய ஓலைத் தொப்பியை அவன் கழற்றவில்லை. வெளியூர் போய் வருகிறவர்களின் ரத்தத்தைப் படிக்கும் வாசல் கேட், அவன் கை வைத்ததும் கணீரென்று பேசியது.

"வெள்ளை அணுக்கள் குறைவு. தட்டணுக்கள் எண்பதாயிரம். டெங்கு. கடித்த கொசு, பல்லாவரம்."

பூச்செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சங்கச் செயலாளர் வேதமூர்த்தி நிமிர்ந்து பார்த்தார்.

"ஏர்போர்ட்லேர்ந்து வர்ற வழியில அங்க டீ குடிச்சோம் சார். அப்ப கடிச்சிருக்கும்," என்றாள் யாழினி.

"கடித்து ஒன்பது நாள் ஆகிறது," என்றது கேட்.

நிமலனுக்குக் காய்ச்சலைவிட வெட்கம்தான் அதிகமாகச் சுட்டது. வேதமூர்த்தி குழாயை மூடிவிட்டு வந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க தம்பி. நான் வண்டியை எடுக்கிறேன்," என்றவர் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த தடவை பின்பக்கத்துக் கேட் வழியா வாங்க. அது பேசாது. சுவிட்சர்லாந்துக்குப் போயிட்டு நாங்க அப்படித்தான் வந்தோம்."