இருபத்தெட்டு வார அளவு

ஆஸ்பத்திரியில் என் மனைவி செண்பகவல்லிக்குக் கட்டிவிட்ட இடுப்புப்பட்டை வெள்ளிக்கிழமை காலைகளில் பேசும். அவள் கருப்பையில் இருக்கும் நார்க்கட்டி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று, டாக்டர்கள் வழக்கப்படி கர்ப்பக் கணக்கில் சொல்லும்.

"பதினாறு வார அளவு."

பிள்ளையில்லாத வீட்டில் அந்தக் குரல் மட்டும் வாரம் தவறாமல் கேட்டது. அவளுக்கோ உதிரப்போக்கு நிற்கவில்லை. உதடு வெளுத்துவிட்டது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஆபரேஷனுக்கு மூன்று முறை நாள் குறித்தேன். மூன்று முறையும், "அடுத்த வெள்ளி போகட்டுங்க" என்றாள்.

பட்டை இருபத்தெட்டு வார அளவு என்று சொன்ன அன்று மாலை, வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். அவளுடைய இரண்டு கைகளிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல்கள். மேசையில் ஐந்து வகைச் சாதம். ஏழாம் மாத வளைகாப்பைத் தனியாகவே நடத்தி முடித்திருந்தாள்.

உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மறுநாள் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில், தியேட்டர் வாசலில் நர்ஸ் வளையல்களைக் கழற்றச் சொன்னாள். வல்லி ஒவ்வொன்றாகக் கழற்றி நர்ஸ் கையிலேயே கொடுத்தாள்.

"நீங்களே வச்சுக்கங்கம்மா. பிரசவம் பாக்குறவங்களுக்குத்தான குடுக்கணும்."

கட்டியை எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, பட்டையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அது பேசவில்லை.

"இன்னிக்கு வெள்ளிதானேங்க?"

அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"இருபத்தொன்பது வார அளவு" என்றேன்.