கைகொடுத்தவர்

ஊரடங்கில் ஜிம்மைப் பூட்டியதிலிருந்து தமிழ்மாறனுக்கு உடம்பு தினவெடுத்துக் கிடந்தது. திருநகர் வீட்டுக்குள் உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் அலைந்தான். கடைசியில் ஜிம் நடத்தும் அண்ணனிடம் கெஞ்சி ஒரு பெஞ்சையும் எடைக்கம்பியையும் வாங்கி வந்து மொட்டை மாடியில் போட்டான்.

அன்று சாயங்காலம் பெஞ்சில் படுத்து, கம்பியை நெஞ்சுவரை இறக்கியவனால் திரும்பத் தூக்க முடியவில்லை. ஜிம் பழக்கத்தில், "அண்ணே, ஒரு கை குடுங்க," என்றான். தலைமாட்டில் யாரோ விரல் கொடுத்ததுபோல் கம்பி மேலே போய்ப் பெஞ்சின் தாங்கியில் உட்கார்ந்தது. பதறி எழுந்து பார்த்தான். ஆளில்லை.

கீழிருந்து மனைவி சரண்யாதேவி கத்தினாள். "ஏங்க, இந்த நோய்க் காலத்துல யாரை மேல ஏத்துனீங்க? ரெண்டு பேரு மூச்சு வாங்குறது இங்கவரைக்கும் கேக்குது!"

அவன் கண்ணெதிரே காலிப் பெஞ்சு லேசாக முனகி அமுங்கியது. கம்பி தாங்கியிலிருந்து எழுந்து, மெல்ல இறங்கி, மேலே ஏற முடியாமல் நடுங்கியது.

ஜிம்மில், கைகொடுத்தவருக்குத் திருப்பிக் கைகொடுக்காமல் யாரும் நகர மாட்டார்கள். தமிழ்மாறன் தலைமாட்டில் போய் நின்று, கம்பிக்கு அடியில் விரல்களைக் கொடுத்தான்.

"விடாதீங்கண்ணே," என்றான். "இன்னும் ஒண்ணு."