தகட்டுக்கு வேட்டு வைத்தவன்

“ஆரடி அவன்? பேரைச் சொல்லு!”

றஜீபன் கத்திய கத்தலில், ஊர்காவற்றுறைக் கரையில் வலைகளிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தங்கச்சி ஜசிந்தா மட்டும் நிமிரவில்லை. அண்ணனுக்கு எதிரே குந்தியிருந்து அவளும் நண்டு கழற்றினாள்.

ஜெனிவாவில் ஆராய்ச்சி செய்கிறவள். நேற்றுத்தான் ஊருக்கு வந்தாள். இவ்வளவு காலமும் அவள் உருவாக்கிய சிலிக்கன் தகட்டை வேண்டாம் என்று தள்ளிவிட்டார்களாம். அணுவிலும் சிறிய துணிக்கைகளை மோதவிடும் பெரிய இயந்திரத்துக்குள், எந்தத் துணிக்கை எந்தக் கணத்தில் எந்த வழியால் போனது என்று பிடிக்க வேண்டிய தகடு அது.

“அம்மான்ர செத்தவீட்டுக்கும் நீ வரேல்லை. தகட்டுச் சோதனை எண்டனி. ஊர்ச்சனத்துக்கு மறுமொழி சொன்னது நான்! இப்ப வேண்டாமாமோ?”

“எல்லாரும் சரியெண்டு சொல்லிப்போட்டினம் அண்ணை. ஒரு ஆள்தான் திரும்பச் சோதிச்சது. கதிர்வீச்சு கனக்கப் பட்டாப்பிறகு தகடு நேரம் பிந்திக் காட்டுதாம்.”

“எவ்வளவு பிந்துது?”

“கண் இமைக்கிற நேரத்தைக் கோடி பங்காக்கினா, அதில ஒரு பங்கும் வராது.”

“அதுக்குப் போயோ!” றஜீபன் கையிலிருந்த நண்டைக் கூடைக்குள் எறிந்தான். “தீவுப் பெட்டை எண்ட இளக்காரம். எரிச்சல் பிடிச்ச நாய்!”

“அப்பிடித் திட்டாதையுங்கோ. பிந்தினா ரெண்டு துணிக்கையை ஒண்டெண்டு காட்டும். எல்லாக் கணக்கும் பிழைச்சுப்போகும்.”

“அவனுக்குப் பரிஞ்சோ கதைக்கிறாய்? உன்ர உழைப்பில மண்ணள்ளிப் போட்டவனுக்கு?”

“அந்த ஆளும் அறிக்கையை மூண்டுதரம் அழிச்சழிச்சுத்தான் எழுதினது.”

“நீ கண்டனியோ?”

“ஓம், கண்டனான்.”

“அவன் பேசாமல் இருந்திருந்தா ஆருக்குத் தெரிஞ்சிருக்கும்?”

“ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது.”

றஜீபன் காலால் எத்தினான். கூடை கவிழ்ந்து நண்டுகள் மணலில் நாலாபக்கமும் ஓடின. அவன் அவற்றைப் பார்க்கவேயில்லை.

“மனிசனோ அவன்? ரெலிபோனைப் போட்டுத் தா. எனக்கு இங்கிலிஸ் வராட்டிலும் பரவாயில்லை, நல்ல தமிழில நாலு கேள்வி கேக்கிறன்!”

ஜசிந்தா கடைசி நண்டையும் கழற்றினாள். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அண்ணனை நேரே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

“ரெலிபோன் என்னத்துக்கு அண்ணை? அந்த அறிக்கையை எழுதினது நான்தான். முன்னாலதானே இருக்கிறன், கேளுங்கோ.”