மண்புழு கொடுத்த அறிக்கை

கோடையில் குளம் சுருங்கியதும் யானையார் தும்பிக்கையைத் தூக்கி அறிவித்தார்: "இனிமேல் காட்டை வளர்ப்பவர்களுக்கு மட்டும்தான் தண்ணீர். யார் யாரென்று நிபுணர் குழு சொல்லும்!"

குழுவில் கிளி, வெட்டுக்கிளி, மண்புழு என மூன்று பேர்.

முதலில் பச்சோந்தி வந்தது. "ஆகா, அப்படியே இலை நிறம்! இவர் காட்டுக்குச் சொந்தக்காரரேதான்!" என்று கிளி கீச்சிட்டது.

அடுத்து வந்தது காகம். "ஐயா, கூட்டுல மூணு குஞ்சும் தொண்டை காஞ்சு கிடக்குதுங்க."

"கரிக்கட்டை மாதிரி இருந்துகிட்டு நீர் காட்டை வளர்க்கிறீரா? போம், போம்!" என்றது வெட்டுக்கிளி.

"கொஞ்சம் இருங்கப்பா," என்றது மண்புழு. "எனக்குக் கண்ணே கிடையாது, நிறத்தை வச்சு நான் என்ன பண்ண? இவங்க ரெண்டு பேரும் இருக்கிற மரத்தடி மண்ணைத் தடவிப் பார்த்துட்டு வர்றேன்."

சாயங்காலம்தான் தலையை நீட்டியது. "காக்கா எச்சம் போட்ட இடத்துல பதினாலு வேப்பங்கன்று வேர் விட்டிருக்கு. பச்சோந்தி இடத்துல ஈ இறக்கைதான் கிடக்கு."

யானையார் காகத்துக்கு வழிவிட்டார். குஞ்சுகளுக்குத் தண்ணீர் ஊட்டிய கையோடு காகம் பறந்து வந்தது. "புழு அண்ணே, உங்களைக் கட்டிப்பிடிச்சு நன்றி சொல்லணும்!"

"அறிக்கையில உங்க எச்சத்தைப் பத்தித்தான் சொன்னேன், உங்க பசியைப் பத்தி இல்ல. நன்றியை அங்கிருந்தே சொல்லுங்க தம்பி," என்றபடி மண்புழு மண்ணுக்குள் நழுவியது.