தாமதத்துக்குக் காரணம்

“இன்னிக்கும் லீவா? மாசம் தவறாம ரெண்டு நாள் இப்படிப் படுத்துக்கிட்டா எந்த ஆபீஸ்லடி வச்சுப்பாங்க?”

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக்கு டாக்டர் படிப்பின் கடைசி வாய்மொழித் தேர்வு. கேள்வி கேட்டுப் பார்க்க வீட்டில் தங்கையை விட்டால் ஆளில்லை. அவளோ கட்டிலில் சுருண்டு கிடந்தாள்.

“வயித்து வலி உயிர் போகுதுக்கா. மாத்திரை போட்டும் நிக்கல.”

“எல்லாருக்கும் வர்ற வலிதானே? ஊரையே கூட்டாத. நடிக்காம எழுந்து உட்காரு, கேள்வி கேளு.”

தங்கை தலையணையை வயிற்றோடு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தத் தடிமனான புத்தகத்தில், தேடாமலே ஒரு பக்கத்தை விரித்தாள்.

“எண்டோமெட்ரியோசிஸ்னா என்ன?”

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தாள்.

“கர்ப்பப்பையோட உள்சவ்வு மாதிரி திசு, கர்ப்பப்பைக்கு வெளியிலயும் வளர்றது. அடுத்து?”

“அறிகுறி?”

“மாதவிலக்கு நாள்ல தாங்க முடியாத வலி. சாதாரண மாத்திரைக்குக் கேக்காது. மாசாமாசம் வேலைக்கு லீவு போடுவாங்க. அடுத்து?”

“கண்டுபிடிக்க எவ்வளவு நாளாகும்?”

“நாளா? பல பேருக்கு ஏழெட்டு வருஷம்கூட ஆயிடுது.”

“ஏன் அவ்வளவு தாமதம்?”

“‘எல்லாருக்கும் வர்ற வலிதானே, நடிக்காதே’ன்னு வீட்லயே வாயை அடைச்சிடுவாங்க. சரியாச் சொன்னேனா?”

தங்கை புத்தகத்தை மூடி, அக்காவின் மடியில் வைத்தாள்.

“ஒரு வார்த்தை பிசகலக்கா. எனக்கு இது ஆறாவது வருஷம்.”